அடைக்கோழியை எதுவரை நம்பலாம்?

மியான்மரில் யாங்கோனை அடுத்த தன்லினிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்வி. கொல்லையில் ஆறு நாட்டுப் பெட்டை, ஒரு சேவல். அதில் ஒரு பெட்டை பத்து நாளாக வெறும் கூட்டில் அடை படுத்துக் கிடக்கிறது, கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. அதற்கு முட்டை வைக்கலாமா, வீட்டுக்காரர் சொல்வது போல இன்குபேட்டர் வாங்கிவிடலாமா, குஞ்சு வந்தால் மற்ற கோழிகள் கொத்திக் கொன்றுவிடுமா என்று கேட்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: கோழியை எதுவரை நம்பலாம், நாம் எங்கே கை வைக்க வேண்டும்? பெகு, யாங்கோன் பக்கத்துக் கிராமங்களில் கோழிக்குத் தடுப்பு மருந்து விடும் வேலையில் பல வருடம் இருந்தவள் நான். வீட்டிலும் நாட்டுக்கோழி உண்டு. நான் பார்த்தவரை, ஓட்டை உடைத்துக் குஞ்சு வெளியே வருகிற வரை அது கோழியின் வேலை. அதன் பிறகு வரும் நான்கு வாரம் நம் வேலை. பல வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அடையில் இருக்கும்போது தினம் நான்கு தடவை முட்டையைத் தொட்டுப் பார்த்துக் கோழியைக் கலைக்கிறார்கள். குஞ்சு பொரித்ததும் தாய் பார்த்துக்கொள்ளும் என்று அன்றைக்கே முற்றத்தில் திறந்து விட்டுவிடுகிறார்கள்.

இன்குபேட்டர் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். நூறு, இருநூறு முட்டை வைப்பவருக்கு அது சரி. பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு, அதுவும் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத நம் ஊரில், வேண்டாம். ஏறக்குறைய 37.5 டிகிரி சூடு 21 நாளும் நிலையாக இருக்க வேண்டும், ஈரப்பதமும் பார்க்க வேண்டும், முட்டையைத் தினமும் பல தடவை திருப்ப வேண்டும். பொரித்த பிறகும் குஞ்சுக்கு மூன்று நான்கு வாரம் பல்பு சூடு வேண்டும், அதற்கும் கரண்ட்தான். கோழி இதையெல்லாம் தானே செய்கிறது. முட்டையை அலகால் உருட்டித் திருப்புகிறது, ஓரத்து முட்டையை நடுவுக்கு இழுத்துக்கொள்கிறது. இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் கோழிக்கு வருவோம். ஏற்கெனவே பத்து நாள் படுத்துவிட்டது என்பதுதான் எனக்கு யோசனை. அடைக்கோழி நாளைக்கு ஒரு தடவை பதினைந்து இருபது நிமிடம் எழுந்து, தின்று, தண்ணீர் குடித்து, பெரிதாக, நாற்றமடிக்கும் ஒரு எச்சம் போட்டுவிட்டு, மண்ணில் புரண்டு திரும்பிவிடும். தீனி குறைவு, எடை கரையும். பத்து நாளோடு இன்னும் 21 நாள் சேர்ந்தால் ஒரு மாதம் தாண்டுகிறது. ஆகவே இன்று இருட்டிய பிறகு மெதுவாகக் கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். எலும்பின் இரண்டு பக்கமும் சதை தட்டுப்பட்டால் தைரியமாக முட்டை வைக்கலாம். எலும்பு மட்டும் கூர்மையாகத் துருத்திக்கொண்டு நின்றால் இந்தத் தடவை வேண்டாம், அடையைத் தெளிய விடுங்கள். அடியில் காற்றோடும் கம்பி வலைக் கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், தீனியும் தண்ணீரும் தாராளமாக வைத்து மூன்று நான்கு நாள் நிறுத்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தண்ணீரில் முக்குவது, மூக்குத் துவாரத்தில் இறகு செருகுவது போன்றவற்றைச் செய்யச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். கோழிக்கு வதை, வேறு பலன் இல்லை.

கையில் எடுத்தபோதே இறக்கைக்கு அடியிலும் பின்புறத்துப் பூம்மயிரை விலக்கியும் பாருங்கள். பேன், செல் (இரத்தம் குடிக்கும் பொடிப் பூச்சி) இருந்தால் முட்டை வைப்பதற்கு முன்பே ஒழிக்க வேண்டும். அசையாமல் படுத்திருக்கும் சூடான உடம்பு செல்லுக்கு விருந்து. ராத்திரியில் இரத்தம் குடித்துக் குடித்துக் கோழி வெளிறிப்போகும், தாங்க முடியாமல் பாதி அடையில் எழுந்து போய்விடும். கொண்டை சிவப்பு மங்கி வெளுத்திருந்தால் முதலில் செல்லைத்தான் சந்தேகப்பட வேண்டும். பழைய வைக்கோலை எரித்துவிட்டு, கூட்டின் இடுக்குகளைச் சுரண்டி வெந்நீர் ஊற்றிக் காயவைத்துப் புது வைக்கோல் போடுங்கள். கோழி எழும் இடத்தில் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி வைத்தால் தானே புரண்டு கொள்ளும். கூட்டில் வேப்பிலை, புகையிலைக் காம்பு போடும் பழக்கம் உண்டு. வேப்பிலையால் கெடுதல் இல்லை, எவ்வளவு உதவும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். புகையிலை நஞ்சு, குஞ்சு பொரிக்கும் கூட்டில் அதை நான் போடுவதில்லை. செல் அதிகமாக இருந்தால் கால்நடை மருந்துக் கடையில் கோழிக்கென்று விற்கும் பொடியைச் சீட்டில் உள்ள அளவுப்படி போடுங்கள். பூச்சி மருந்துக் கடையில் வயலுக்கு விற்பதைக் கொண்டுவந்து தூவாதீர்கள்.

முட்டை உங்கள் கொல்லை முட்டையாகவே இருக்கட்டும். சந்தையில் வாங்கும் பண்ணை முட்டையில் கரு இருக்காது, அங்கே சேவலே கிடையாது. ஆறு பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஏழு நாளுக்கு உட்பட்ட முட்டை நல்லது, பத்து நாளைத் தாண்டினால் பொரிப்பது குறைந்துகொண்டே போகும். நம் ஊர் வெக்கையில் இதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். அறைக்குள் முப்பது டிகிரி சூடு என்றால் அடை வைக்காமலே கரு கொஞ்சம் வளர ஆரம்பித்து நடுவில் செத்துவிடும். அதனால் மூன்று நான்கு நாள் முட்டையாகப் பொறுக்கி, வீட்டில் குளிர்ச்சியான மூலையில், அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். கழுவினால் ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்க் கிருமி உள்ளே இறங்கும். எண்ணிக்கை எட்டிலிருந்து பன்னிரண்டு. கோழி உட்கார்ந்தால் ஒரு முட்டைகூட வெளியே தெரியக் கூடாது, அதுதான் அளவு. ஒற்றைப்படையில் வைக்க வேண்டும் என்பதும், இடி இடித்தால் கூமுட்டையாகும் என்று இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போடுவதும் நம் பெரியவர்கள் வழக்கம். வைத்தால் கெடுதல் இல்லை, வைக்காவிட்டாலும் பொரிக்கும்.

எல்லா முட்டையையும் ஒரே நாளில் வையுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சின்னக் கொல்லைகளில் அடை கெடுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். அடைக்கோழி இருக்கும் கூட்டிலேயே மற்ற பெட்டைகளும் வந்து தினம் ஒன்றிரண்டு இட்டுவிட்டுப் போகும். முதல் முட்டைகள் பொரித்ததும் தாய் ஒன்றிரண்டு நாள் பார்க்கும், பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். பின்னால் சேர்ந்த முட்டையெல்லாம் குஞ்சு முழுதாக உருவான நிலையில் குளிர்ந்து சாகும். ஒன்று, வைக்கிற முட்டையில் பென்சிலால் கோடு போட்டு, கோடு இல்லாததைத் தினம் சாயங்காலம் எடுத்துவிட வேண்டும். அல்லது கோழியைத் தனி இடத்துக்கு மாற்ற வேண்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், மழைச் சாரல் அடிக்காத, இருட்டான மூலை பாருங்கள். பெருச்சாளியும் பாம்பும் புகாதபடி அரை அங்குலக் கண்ணுள்ள வலை அடியுங்கள். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடிவரும், ராத்திரியில் மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் வேண்டாத முட்டை இரண்டை வைத்து, நிலையாகப் படுக்கிறதா என்று பார்த்த பிறகு நல்ல முட்டையை அடியில் தள்ளுங்கள்.

காலம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. மழை ஓய்ந்து, தீபாவளியை ஒட்டி அடை வைத்தால் கார்த்திகையில் பொரிக்கும், பொங்கல் வாக்கில் குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிகிற வயதுக்கு வந்துவிடும். வருடத்துக்கு 2500 மில்லி மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற இடம் இது. ஆனி, ஆடி ஈரத்தில் குஞ்சு வளர்ப்பது பெரும்பாடு. பங்குனி, சித்திரையில் தகரக் கூரைக்கு அடியில் அடை வைத்தால் கோழியே வெந்துபோகும்.

ஏழாம் நாள் ராத்திரி ஒரு தடவை மட்டும் முட்டையைப் பாருங்கள். வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சின் மேல் முட்டையின் அகன்ற பக்கத்தை வைத்து, ஒளி பக்கவாட்டில் சிந்தாதபடி விரல்களால் சுற்றி மூடிக்கொள்ளுங்கள். உயிருள்ள முட்டையில் நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலை போல விரிந்திருக்கும். அசையாமல் பிடித்தால் அந்தப் புள்ளி லேசாக ஆடுவதும் தெரியும். நரம்பே இல்லாமல் மஞ்சள் ஒளியாகத் தெரிந்தால் கரு கூடாதது. உள்ளே ஒரு சிவப்பு வளையம் மட்டும் நின்றால் கரு கூடிச் செத்தது. இந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகி, கோழிக்கு அடியில் வெடித்து மற்ற முட்டையையும் கெடுக்கும். தெளிவாகத் தெரியாவிட்டால் எடுக்காமல் விட்டு, 14ஆம் நாள் இன்னொரு தடவை பாருங்கள். அதற்குள் நல்ல முட்டை காற்றறை தவிர முழுக்கக் கறுத்திருக்கும். 18ஆம் நாளுக்கு மேல் கையே வைக்க வேண்டாம். தண்ணீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் உள்ளிருக்கும் குஞ்சு முழுகிச் சாகும், அதனால் நான் அதைச் செய்யச் சொல்வதில்லை.

20, 21ஆம் நாளில் ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் வரும், தாய் தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். முதல் ஓட்டை விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர ஒரு நாள் முழுக்க ஆகலாம். அந்த நேரத்தில் அது மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது, சவ்வின் நரம்புகளில் இன்னும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. பாவம் என்று நாம் ஓட்டைப் பிய்த்தால் இரத்தம் கசிந்து சாகும். அந்த மஞ்சள் கருதான் பொரித்த பிறகு இரண்டு நாளைக்கு அதன் சாப்பாடு, அதனால் உடனே தீனி போட வேண்டும் என்று தாயைக் கிளப்பாதீர்கள். முட்டை குறைவாகப் பொரித்து, வெளியே ஒரு நாள் குஞ்சு வாங்கிச் சேர்க்க விரும்பினால் முதல் இரண்டு ராத்திரிக்குள் இருட்டில் தாயின் அடியில் தள்ளுங்கள். பெரும்பாலும் ஏற்கும். விடிந்ததும் பக்கத்தில் நின்று பாருங்கள், கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள்.

இனி நம் வேலை. யாங்கோனில் காக்கைக்குப் பஞ்சமில்லை. பருந்து, பூனை, கீரி, ராத்திரியில் பெருச்சாளி. தாய் ஒரு காக்கையைத் துரத்தும்போது இன்னொரு காக்கை பின்னால் வந்து தூக்கிக்கொண்டு போகும். 2000களில் யாங்கோன் பகுதிக் கிராமங்களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் இந்நாட்டுக் கால்நடைத் துறையினரும் சேர்ந்து ஒரு கள ஆய்வு நடத்தினார்கள். ஒரு பக்கம் தடுப்பு மருந்து, இன்னொரு பக்கம் முதல் சில வாரம் குஞ்சை அடைத்து வைத்துத் தனித் தீனி போடுவது என்று பிரித்துப் பார்த்தார்கள். அடைத்து, தீனி போட்டு வளர்த்த குஞ்சுகளில் சாவு குறைந்தது. நான் வீடுவீடாகப் போய்ப் பார்த்ததும் அதுவே. ஆகவே முதல் வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்குள்ளோ வலை அடித்த கூண்டுக்குள்ளோ வையுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து நீங்கள் கொல்லையில் இருக்கிற நேரத்தில் மட்டும் திறந்துவிட்டு, பிறகு அடையுங்கள். நான்கு வாரம் ஆனதும் குஞ்சு ஓடி ஒளியப் பழகிவிடும்.

தீனியில் குறுநொய் மட்டும் போடுகிறவர்கள் அதிகம். வயிறு நிறையும், இறகும் எலும்பும் வளராது. குஞ்சுக்கு முதல் மாதம் இருபது சதவீதம் அளவுக்குப் புரதம் வேண்டும், கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்தில் அது இருக்கிறது. ஒரு வீசை (ஏறக்குறைய 1.6 கிலோ) வாங்கினாலும் பத்துக் குஞ்சுக்கு முதல் வாரம் தாராளமாகக் காணும். பெரிய கோழி அதைத் தின்று தீர்த்துவிடும் என்பதால், மூங்கில் சிம்பை இரண்டு விரல் இடைவெளியில் கட்டிய கூடையைக் கவிழ்த்து அதற்குள் தீனியை வையுங்கள். குஞ்சு நுழையும், தாய் நுழைய முடியாது. முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதில் ஓட்டுக்காகச் சேர்த்திருக்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இது உறுதி. கடலைப் புண்ணாக்கும் எள்ளுப் புண்ணாக்கும் இங்கே சுலபமாகக் கிடைக்கிறது, கொஞ்சம் கலக்கலாம், ஆனால் பூஞ்சை வாடை அடித்தால் ஒரு பிடிகூட வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய கடலைப் புண்ணாக்கில் வரும் பூஞ்சை நஞ்சு குஞ்சின் ஈரலை அடிக்கும். ஙபி என்னும் புளித்த மீன் விழுது, கருவாட்டுத் தூள் இரண்டிலும் உப்பு அதிகம், அவையும் கூடாது. கரையான் கிடைத்தால் அதைவிட நல்ல தீனி இல்லை. பழைய மண் சட்டியில் காய்ந்த சாணியும் நைந்த கோணியும் வைக்கோலும் அடைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் ஓடும் இடத்தில் ராத்திரி கவிழ்த்து வைத்தால் காலையில் ஏறியிருக்கும். தட்டிக் கொட்டினால் தாய் ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக் குரல் கொடுக்கும், குஞ்சு ஓடிவரும். தண்ணீரை ஆழமில்லாத தட்டில், கூழாங்கல் பரப்பி வையுங்கள். இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து முழுகும்.

நோயில் பெரியது வெள்ளைக்கழிச்சல். வெயில் ஏறும் மாதங்களில் ஒரு தெருவையே காலி செய்துவிடும், வந்த பிறகு மருந்து கிடையாது. சூட்டை ஓரளவு தாங்கும் ஐ-2 என்ற கண்சொட்டு மருந்து ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டு, இந்த நாட்டிலும் கால்நடைத் துறை தயாரித்தது. அது கிடைக்கிறதா, இல்லை வேறு எந்த மருந்து கிடைக்கிறது என்று உங்கள் நகரக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு கண்ணில் ஒரு சொட்டு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை. தாய்க்கு முன்கூட்டியே போட்டிருந்தால் முட்டை வழியாகக் குஞ்சுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் எதிர்ப்பு இருக்கும். நோய் வந்துவிட்ட கூட்டத்துக்குப் போட்டால் பலனில்லை. அடுத்தது இரத்தக்கழிச்சல், மூன்றிலிருந்து ஆறு வார வயதில், ஈரமான தரையில் வரும். தரையைக் காய வைப்பதுதான் பாதி வைத்தியம். எச்சத்தில் இரத்தம் கண்டால் அன்றைக்கே ஆம்புரோலியம் என்ற மருந்தை வாங்கித் தண்ணீரில் கலக்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. ஆனால் குஞ்சு சோர்ந்து நிற்கிறது, கண் மூடுகிறது என்று மட்டும் எழுதினால், எழுத்தையும் படத்தையும் வைத்து என்ன நோய் என்று என்னால் சொல்ல முடியாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரே நாளில் பல கோழி திடீரென்று செத்தால் சமைக்கவும் வேண்டாம், வெறுங்கையால் தொடவும் வேண்டாம், அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். 2006இல் மண்டலே, சாகைங் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கும்.

மற்ற கோழிகள் கொன்றுவிடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். தாய் இல்லாத குஞ்சைக் கூட்டத்தில் விட்டால் கொல்லும், உண்மை. தாயோடு இருக்கும் குஞ்சை மற்றவை நெருங்கத் தாய் விடாது. சாதாரண நாளில் தலை குனிந்து போகிற பெட்டைகூடக் குஞ்சு வந்ததும் இறக்கையை விரித்துக்கொண்டு பாயும். சேவல் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. முதல் வாரம் வலைக்கு அந்தப் பக்கம் கூட்டமும் இந்தப் பக்கம் தாயும் குஞ்சும் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி வைத்திருந்தால் பிறகு திறக்கும்போது சண்டை குறையும். கோழியே வளர்த்த குஞ்சு பெரிய கூட்டத்தில் சுலபமாகச் சேர்ந்துவிடுவது, இன்குபேட்டர் குஞ்சுக்கு இல்லாத லாபம்.

செலவு என்றால், முட்டைதான். அடை மூன்று வாரம், குஞ்சோடு ஆறிலிருந்து எட்டு வாரம் அந்தப் பெட்டை இடாது. பிறகு ஒரு நாள் தானே குஞ்சுகளைக் கொத்தி விலக்கும், அது கோபமில்லை, மறுபடி முட்டைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஐந்தாம் வாரத்திலேயே குஞ்சுகளைப் பிரித்துத் தனியாக அடைத்தால் சீக்கிரம் முட்டைக்கு வரும். குஞ்சு நன்றாக இறகு விட்டிருந்தால், மார்கழிக் குளிர் போகட்டும் என்று ஒரு வாரம் தள்ளி, அப்படிச் செய்யலாம். பொரித்ததில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். முனீஸ்வரனுக்கு நேர்ந்து விடுவதோ குழம்புக்கோ, உங்கள் வீட்டு வழக்கப்படி, ஐந்தாறு மாதத்தில் ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். ஆறு பெட்டைக்கு மூன்று நான்கு சேவல் நின்றால் பெட்டைகளின் முதுகில் இறகு மிஞ்சாது. இந்தப் பெட்டைக் குஞ்சுகளை வளர்த்து அடுத்த வருடம் அவற்றின் முட்டையை அடை வைப்பதாக இருந்தால், தகப்பன் சேவலை வேறு வீட்டுச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் சேவலை இரண்டு வாரம் தனியாகக் கட்டி வைத்து, தும்மல் கழிச்சல் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு கூட்டத்தில் விடுங்கள்.